டிசைன் தையல் கெட்டால் முதலில் துணியைத் திருப்புங்கள்

ஜாக்கெட் கழுத்திலோ சுடிதார் கையோரத்திலோ ஓட்டும் டிசைன் தையல் சரியாக விழவில்லை என்றதும் பலருக்குக் கை நேராகப் பாபின் கேஸ், அதாவது கீழ் நூல் சுற்றிய பாபின் உட்காரும் டப்பியின் ஸ்குரூவுக்குப் போகிறது. கடைசியில் தொட வேண்டிய இடம் அது. நேர்த்தையல் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்த மிஷின் டிசைன் டயலைத் திருப்பியதும் அடம் பிடித்தால், ஊசி, நூல் கோத்த வழி, துணிக்கு அடியில் கொடுத்த தாங்கல் ஆகிய மூன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூன்றில் எது என்பதைத் தையலின் பின்பக்கம் சொல்லிவிடும்.

சென்னை தண்டையார்பேட்டையில் என் கடைக்கு "அக்கா, மிஷின் ரிப்பேரு" என்று யார் வந்தாலும் தைத்த துணியை வாங்கித் திருப்பிப் பார்ப்பேன், மிஷின் அப்புறம். சாட்டின் தையல், அதாவது நெருக்கி விழும் ஜிக்ஜாக், ஒழுங்காக இருந்தால் பின்பக்கத்தில் பாபின் நூல் நடுவே ஒரு பட்டையாக ஓடும். மொத்த அகலத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு பக்கமும் மேல் நூலின் நிறம் எட்டிப் பார்க்கும். நேர்த்தையலில் இரண்டு நூலும் துணிக்கு நடுவில் பூட்டிக்கொள்ள வேண்டும். டிசைன் தையலில் அந்தப் பூட்டு கொஞ்சம் கீழே இறங்கினால்தான் மேலே ஒரே நிறமாக நிற்கும். இந்த மூன்று பட்டைக் கணக்கு மனதில் இருந்தால் பாதிக் கோளாறுக்குக் காரணம் கண்ணிலேயே பட்டுவிடும்.

நான் சொல்வது டயல் வைத்த வீட்டு ஜிக்ஜாக் மிஷினுக்கு. உஷா, சிங்கர், பிரதர் எதுவானாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். காலால் மிதிக்கும் கறுப்பு மிஷினில், துணியை வளையத்தில் மாட்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. எந்தத் துணியில் தைக்கப் போகிறீர்களோ அதே துணியில், அதே மடிப்போடு, அடியில் தாங்கலுக்கு அதே கேன்வாஸ் வைத்து ஒரு சாண் ஓட்டிப் பாருங்கள். பாப்ளின் துண்டில் அழகாக விழுந்த இலைத் தையல் சில்க் காட்டனில் சுருங்கிக்கொண்டு நிற்கும். ஓட்டிய துண்டின் மேலேயே பேனாவால் டென்ஷன் (நூலின் இறுக்கம்), நீளம், அகலம், ஊசி எண் எழுதிப் போட்டு வையுங்கள். தீபாவளி நெருக்கத்தில் அதே துணி வேறொருவர் கையில் திரும்ப வரும், அப்போது தேட வேண்டியிருக்காது.

அடியில் நூல் கூடு கட்டுகிறது

முன்பக்கம் மேல் நூல் துணியோடு ஒட்டாமல் கிடக்கிறது. பின்பக்கம் கொத்துக் கொத்தாக நூல் தொங்குகிறது. சில சமயம் துணியே ஊசிக்குக் கீழே இருக்கும் பிளேட்டில் மாட்டிக்கொண்டு எடுக்க வராது. கீழே நடப்பதால் எல்லோரும் பாபினைத் திட்டுகிறார்கள். தொங்குகிற நூலின் நிறத்தைப் பாருங்கள், அது மேல் நூல். அதை இழுத்துப் பிடிக்க வேண்டியது மேலே இருக்கும் டென்ஷன் தட்டுகள். நூல் அந்தத் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை.

புட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், இறங்கியிருக்கும்போது தட்டுகள் இறுகி மூடியிருக்கும். அந்த நேரத்தில் நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு உள்ளே போகாமல் மேலாக நின்றுவிடும். புட்டைத் தூக்கிவிட்டுக் கோக்க வேண்டும், இறக்கிவிட்டுத் தைக்க வேண்டும். கோத்து முடித்ததும் புட்டை இறக்கி, ஊசிக்குக் கிட்டே நூலை இழுத்துப் பாருங்கள், இறுக்கமாக வரும். தூக்கிவிட்டு இழுங்கள், தளர்வாக வரும். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் முதலிலிருந்து கோக்க வேண்டியதுதான். கோக்கும்போது, ஏறி இறங்கும் கொக்கியில் நூல் மாட்டியிருக்கிறதா என்று ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கொக்கியிலிருந்து நூல் நழுவியிருந்தால் நாலு தையலிலேயே கூடு கட்டிவிடும்.

தட்டுகளுக்கு நடுவே பழைய நூல் துணுக்கு மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான். புட்டைத் தூக்கி, மடித்த காட்டன் துணியின் ஓரத்தை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் வந்துவிடும்.

தொடக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு முடிச்சு விழுகிறதா? இரண்டு நூலையும் புட்டுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் சில தையலைப் போடுங்கள்.

மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

மெரூன் நூலில் ஸ்காலப், அதாவது வளைவு வளைவான ஓரத் தையல், ஓட்டுகிறீர்கள், ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி. திருப்பினால் பின்பக்கம் முழுக்கப் பாபின் நூல்தான், மெரூனே காணோம். மேல் டென்ஷன் அதிகம். 4-ல் இருந்தால் அரை அரை எண்ணாக 3, 2 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள்; சாட்டின் வகைக்குப் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

1-க்குப் போயும் புள்ளி போகவில்லை என்றால் கீழே ஏதோ தளர்ந்திருக்கிறது. பாபின் கேஸை வெளியே எடுத்து, நூல் அதன் ஸ்பிரிங் தகட்டுக்கு அடியில் போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால், நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது அசையாமல் நிற்க வேண்டும். கையை லேசாக வெடுக்கென்று தூக்கினால் கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு ஓடினால் தளர்வு. வெடுக்கினாலும் அசையாவிட்டால் இறுக்கம்.

தளர்வு என்று தெரிந்ததும் ஸ்குரூவைத் திருகிவிடாதீர்கள். தகட்டுக்கு அடியில் பஞ்சு அடைந்திருந்தால் தகடு நூலை அழுத்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். பழைய கல்யாணப் பத்திரிகையின் மூலையை வெட்டி அந்த இடுக்கில் விட்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு திரி வெளியே வரும். அதற்கப்புறமும் கேஸ் ஓடினால் மட்டும் பெரிய ஸ்குரூ. இருந்த நிலையை முதலில் மார்க்கரால் குறித்துக்கொண்டு, கால் சுற்றிலும் பாதிதான் திருக வேண்டும். திருகிய பிறகு மறுபடி தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

சில பாபின் கேஸில் நீட்டிக்கொண்டிருக்கும் விரலின் முனையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பாபின் நூலை அதன் வழியாகக் கோத்தால், ஸ்குரூவைத் தொடாமலே கீழ் நூலுக்கு இறுக்கம் கூடும். சாட்டின், காஜா வேலைகளுக்கு இது கைகொடுக்கும். இவ்வளவும் வேண்டாம் என்றால் பாபினிலும் அதே மெரூன் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். சாயங்காலம் வாங்க ஆள் வந்துவிடும் என்கிற ஆர்டருக்கு நான் இதைத்தான் செய்வேன்.

துணி சுருங்குகிறது, நடுவில் மேடு தட்டுகிறது

அதிகம் அழவைப்பது இதுதான். நேர்த்தையல் துணியை நீளவாக்கில் மட்டும் பிடிக்கும். டிசைன் தையல் அகலவாக்கிலும் இழுக்கும். 5 மி.மீ. அகலத்துக்கு ஊசி இடமும் வலமும் குத்தி நூலை இறுக்கும்போது, மெல்லிய துணிக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. இரண்டு ஓரமும் நெருங்கி வந்து நடுப்பகுதி ஓட்டுக்கூரை மாதிரி தூக்கிக்கொள்ளும்.

எங்கே சுருக்கம் என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். தையலுக்குள்ளேயே மேடு என்றால் அடியில் தாங்கல் போதவில்லை, அல்லது மேல் டென்ஷன் அதிகம். தையலுக்கு வெளியே இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மடிப்பு ஓடுகிறது என்றால் டென்ஷனோடு ஊசியையும் பாருங்கள்; டூ பை டூ ரூபியா மாதிரி மெல்லிய துணிக்கு 100/16 ஊசி போட்டால் ஒவ்வொரு குத்தும் இழையைத் தள்ளிவிட்டுத்தான் போகும். 75/11 போதும். அந்த 75 என்பது ஊசித் தண்டின் கனம் 0.75 மி.மீ. என்பதைத்தான் சொல்கிறது, பின்னால் வரும் 11 அதே அளவுக்கு வேறொரு எண் வரிசை.

தாங்கலுக்கு என்ன வைப்பது? ஜாக்கெட் கழுத்து, கை என்றால் மெல்லிய ஒட்டும் கேன்வாஸ். அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுத்து ஒட்ட வேண்டும். தேய்த்தால் துணி இழுபட்டு, அந்த இழுப்போடேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் உடனே தைக்காமல் ஆறவிடுங்கள். துப்பட்டா, ஸ்டோல் மாதிரி பின்பக்கமும் தெரிகிற துணிக்குக் கிழித்தெடுக்கும் தாள் வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெரு காகிதக் கடைகளில் பட்டர் பேப்பரும் டிரேசிங் பேப்பரும் கிடைக்கும். தினசரிப் பேப்பர் மட்டும் வேண்டாம், அச்சு மை வெளிர் நிறத் துணியில் ஏறிவிடும். தைத்த பிறகு தாளைக் கிழிக்கும்போது தையலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தையலை நோக்கிக் கிழியுங்கள். வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய தையலை நீங்களே நெளித்துவிடுவீர்கள்.

காட்டன் புடவைக்கு வேறு வைத்தியம் இருக்கிறது: கஞ்சி. ஆடியில் கோயிலுக்குக் கட்டும் மஞ்சள் புடவைக்குச் சிவப்பு நூலில் ஓரம் ஓட்டித் தரச் சொல்லி வருவார்கள். அந்தப் புடவை முழுக்கக் கேன்வாஸ் வைக்க முடியுமா? ஓரத்துக்கு மட்டும் ஜவ்வரிசிக் கஞ்சி நீர்த்த பதத்தில் தடவி, காயவைத்து, அயர்ன் பண்ணினால் துணி அட்டை போல விறைத்து நிற்கும். சுருக்கமே விழாது. தைத்து முடித்து அலசினால் கஞ்சி போய்விடும். சாயம் ஓடுகிற புடவையா என்று ஒரு மூலையை நனைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பட்டில் இந்த வேலை கூடாது. தண்ணீர் பட்ட இடம் வட்டமாகத் தெரியும்.

தைத்தபோது நன்றாக இருந்து, முதல் துவைப்பில் சுருங்கினால் அது வேறு கணக்கு. நனைக்காத காட்டன் துணி துவைக்கும்போது சுருங்கும், மேலே இருக்கிற பாலியெஸ்டர் நூல் சுருங்காது. எனவே முன்கூட்டி நனைத்துக் காயவைத்துத் தைக்க வேண்டும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: பாபின் சுற்றும்போது மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் பாலியெஸ்டர் நூல் இழுபட்டுச் சுற்றிக்கொள்ளும். தையலில் உட்கார்ந்த பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், துணியும் கூடவே போகும். பாபினை நிதானமாகச் சுற்றுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

பின்பக்கம் பார்த்தால், விட்ட இடத்தில் பாபின் நூல் நீட்டமாக ஓடியிருக்கும், மேல் நூல் அதைத் தொட்டிருக்காது. ஊசி கீழே போய் மேலே திரும்பும் கணத்தில் அதன் பின்னால் நூல் ஒரு சின்ன வளையமாக உப்பும். கீழே சுழலும் ஹூக்கின் மூக்கு அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். வளையம் உப்பவில்லை, அல்லது மூக்கு வரும்போது வளையம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஊசியை மாற்றுங்கள். யோசிக்காதீர்கள், மாற்றுங்கள். ஒரு ஊசிக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையல்தான் கணக்கு என்பார்கள்; நம் ஊரில் அதை உடையும்வரை ஓட்டுகிறோம். பழைய ஊசியின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் வளைந்திருக்கிறது. முனையை ஜார்ஜெட் துண்டில் உரசுங்கள். இழையைப் பிடித்தால் முனை மடங்கியிருக்கிறது.

புது ஊசியை மாட்டும்போது தட்டைப் பக்கம் உங்கள் மிஷினுக்குச் சொன்ன திசையில் இருக்கட்டும். முன்னாலிருந்து பாபின் போடும் வீட்டு ஜிக்ஜாக் மிஷின்களில் அது பின்பக்கம். மேலே முட்டும்வரை தள்ளி இறுக்குங்கள். ஊசி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் நேர்த்தையல் எப்படியோ விழுந்துவிடும், அகலமான டிசைனில் ஒரு ஓரம் மட்டும் விடும். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் அங்கிருந்து ஜூக்கி மிஷின் ஊசியைக் கொண்டுவந்து வீட்டு மிஷினில் மாட்டுவதைப் பார்க்கிறேன். அதன் தண்டு முழு உருண்டை, தட்டைப் பக்கம் கிடையாது. காது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது உங்கள் கைக்கணக்கில் போய்விடும். அது வேண்டாம்.

துணியும் ஒரு காரணம். மண்ணடிப் பக்கமிருந்து புர்கா முனைக்கு டிசைன் போட வரும் நிதா துணி வழவழவென்று இருக்கும், நெருங்கி நெய்த பாலியெஸ்டர். ஊசி மேலே ஏறும்போது துணியும் கூடவே ஏறும். துணி ஏறினால் நூல் வளையம் உப்பாது. அடியில் பட்டர் பேப்பர், மேலே இன்னொரு பட்டர் பேப்பர், புது 75/11 ஊசி, வேகம் குறைவு. லைக்ரா, பனியன் துணிக்கு இதுவும் போதாது. முனை உருண்டையாக இருந்து இழையை அறுக்காமல் விலக்கிப் போகும் பனியன் ஊசியோ ஸ்ட்ரெச் ஊசியோதான் வேண்டும்.

ஒரே இடத்தில் நின்று குவிகிறது

தையல் முன்னே நகராமல் உருண்டையாகக் குவிகிறது என்றால் புட்டைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். சாட்டின் புட்டுக்கு அடியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். தைத்த தையலின் மேடு அந்தப் பள்ளம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சாதாரண புட்டின் அடி தட்டை, மேட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். புட் சரியாக இருந்தால் தையல் நீளத்தை 0.3-லிருந்து 0.5-க்கு ஏற்றுங்கள். கெட்டியான நூலுக்கு 0.3 நெருக்கம் தாங்காது.

இரண்டும் சரி என்றால் பிளேட்டைக் கழற்றுங்கள். துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவே பஞ்சு கம்பளி போல இறுகிக் கிடக்கும். ஊசியால் நெம்பி எடுத்து பிரஷ் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள்: பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரமும் கூடப் போகும்.

பூ நசுங்குகிறது, இலை நீண்டுபோகிறது

இலை, நட்சத்திரம், தேன்கூடு மாதிரி டிசைன்களில் மிஷின் துணியை முன்னே தள்ளும், பின்னே இழுக்கும், மறுபடி முன்னே தள்ளும். நீங்கள் பின்னாலிருந்து துணியைக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தால் போதும், பின்னோட்டம் குறைந்து பூ நீண்டுவிடும். கையை மெத்தென்று வழிகாட்ட மட்டும் வையுங்கள். புடவையோ முழுப் பாவாடையோ மேசைக்குக் கீழே தொங்கினால் அந்த எடையும் ஒரு கைதான். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதன் மேல் தூக்கி வையுங்கள்.

கையை எடுத்துவிட்டாலும் கோணல் என்றால், பல மிஷின்களில் இதற்கென்றே ஒரு சின்னத் திருத்த ஸ்குரூ உண்டு. கையேட்டில் பிளஸ், மைனஸ் அடையாளத்தோடு படம் போட்டிருக்கும். துண்டுத் துணியில் ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள், பூ மூடும் இடத்தில் நிறுத்துங்கள். துணி மாறினால் இது மாறும். கேன்வாஸ் வைத்தாலும் மாறும்.

ஜரிகை நூல் உரிந்து அறுகிறது

ஊசிக் காதுக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு சுருள் சேர்ந்து, பிறகு நூல் அறுந்தால், நூலின் மேல்தோல் உரிகிறது என்று அர்த்தம். மிஷின் ஜரிகை நூல் என்பது நடு இழை ஒன்றின் மேல் மெல்லிய பளபளப்பு நாடாவைச் சுற்றியது. நூலின் எந்த ஒரு இடமும் தையலில் உட்காருவதற்கு முன் ஊசிக் காது வழியாகப் பல முறை மேலும் கீழும் போய் வருகிறது. காது சின்னதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுரண்டும். ஆகவே பெரிய காது உள்ள 90/14 ஊசி. ஜரிகைக்கென்றே விற்கும் ஊசியோ டாப் ஸ்டிட்ச் ஊசியோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண 100/16-ல் காது பெரிது, கெட்டித் துணிக்கு அது ஓடும்.

மேல் டென்ஷனை 1, 2-க்கு இறக்குங்கள். பாபினில் ஜரிகை வேண்டாம், மெல்லிய பாலியெஸ்டர் போதும். நூல் கண்டிலிருந்து எப்படிக் கழன்று வருகிறது என்பதைக் கவனியுங்கள். படுக்க வைத்த கண்டின் முனை வழியாகக் கழன்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். ஜரிகை அந்த முறுக்கைத் தாங்காது, சுருண்டுகொள்ளும். கண்டை நிற்க வைத்து, அது சுழன்று நூல் பக்கவாட்டில் வரும்படி செய்யுங்கள். மிஷினில் நிற்கும் கம்பி இல்லையென்றால் கண்டை மிஷினுக்குப் பின்னால் ஒரு டம்ளருக்குள் போட்டு நூலை மேலே எடுத்துவிடலாம். வேகமாக மிதித்தால் இவ்வளவு செய்தும் அறுகும்.

கெட்டி ஜரிகை, ஊசிக் காதிலேயே நுழையாத ரகம் என்றால் அதைப் பாபினில் சுற்றுங்கள். துணியைத் தலைகீழாக, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத் தையுங்கள். பாபின் நூல்தான் நல்ல பக்கத்தில் கோலமாக விழும், மேல் நூல் அதைக் கட்டிப் பிடிக்கும். இதற்கு மட்டும் பாபின் கேஸ் ஸ்குரூவைத் தாராளமாகத் தளர்த்த வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கி, நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அன்றாடக் கேஸைத் தளர்த்திவிட்டு மறுநாள் நேர்த்தையல் போட உட்காருவது வேண்டாத வேலை. இந்த முறைக்கு நெருக்கமான சாட்டின் டிசைன் ஒத்துவராது, இடைவெளி விட்டு ஓடும் கொடி, அலை மாதிரி டிசைன்தான் நன்றாக இருக்கும்.

மழைக்காலத்தில் ரேயான் எம்பிராய்டரி நூலும் அறுகிறது என்பார்கள். ரேயான் ஈரம் ஏறினால் வலு குறையும். ஐப்பசி, கார்த்திகையில் நூல் கண்டை வெளியே அடுக்கி வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஊசி பட்டென்று உடைகிறது

டிசைன் ஓட்டத் தொடங்கிய முதல் குத்திலேயே உடைந்தால், நேர்த்தையல் புட்டோ ஒற்றை ஓட்டைப் பிளேட்டோ மாட்டியிருக்கிறது. ஊசி பக்கவாட்டில் போகும்போது இரும்பில் குத்துகிறது. எந்த டிசைனுக்கு மாற்றினாலும் கையால் சக்கரத்தைச் சுற்றி ஒரு பூ முழுக்க ஓட்டிவிட்டு, அப்புறம் பெடலை மிதியுங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது டயலைத் திருப்பாதீர்கள், ஊசி உள்ளேயே வளையும்.

ரெட்டை ஊசி போட்டால் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. மிஷினின் அதிக அகலம் 5 மி.மீ., இரண்டு ஊசிக்கும் நடுவே 2 மி.மீ. என்றால், அகல டயல் 3-ஐத் தாண்டக் கூடாது.

கழுத்து முடியும் இடத்தில் பாதிப் பூ

கோளாறு என்று சொல்ல முடியாது, ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான். மாதிரித் துண்டில் 10 பூவின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். ஒரு பூ 12 மி.மீ. என்றால் 30 செ.மீ. ஓரத்துக்குச் சரியாக 25 பூ. ஓரம் 31 செ.மீ. ஆனால் பாதிக்கு மேல் ஒரு பூ மிச்சம் நிற்கும்; நீள டயலைக் கொஞ்சம் ஏற்றிப் பூவை 12.4 மி.மீ. ஆக்கினால் அதே 25 அடங்கும். வளைந்த கழுத்துக்கு நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போவது நல்லது. முடிவில் மிச்சம் வந்தாலும் இரண்டு தோளிலும் ஒரே மாதிரி வரும். டயல் மிஷினில் பூ எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே துண்டுத் துணியில் ஒரு பூவை முடித்துவிட்டு அப்படியே நிறுத்தி, நல்ல துணியை உள்ளே வையுங்கள்.

கறுப்புக் கால் மிஷினில் வளையம் போட்டு

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் இன்னும் பல வீடுகளில் கறுப்பு மிஷின்தான். ஜிக்ஜாக் கிடையாது; புட்டைக் கழற்றிவிட்டு, பல்லை இறக்கியோ மூடி போட்டோ, வளையத்தில் துணியை மாட்டிக் கையால் நகர்த்திப் பூ போடுகிறார்கள். மிஷின் எதையும் அளந்து கொடுக்காது, கையும் காலும்தான் அளவு. சொல்லப்போனால் டயல் மிஷினின் இருபது டிசைனை விட இதில் வரும் பூ எனக்குப் பிடிக்கும்.

இதில் வரும் பெரிய தொல்லை அடியில் கூடு கட்டுவது. புட் இல்லையே, அதைத் தூக்கும் லீவரை எதற்கு இறக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். லீவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் திறந்தே கிடக்கும். புட் இல்லாவிட்டாலும் லீவரை இறக்கியே ஆக வேண்டும்.

அடுத்தது தையல் விடுவது. வளையத்தில் துணி தொய்ந்திருந்தால் ஊசியோடு துணியும் ஏறும், நிதா துணிக்குச் சொன்ன அதே கதை. விரலால் தட்டினால் டொம்மென்று சத்தம் வர வேண்டும். துணி வளையத்தின் மேல் விளிம்பில் இல்லாமல் கீழ் விளிம்பில், பிளேட்டோடு ஒட்டி இருக்கும்படி மாட்டுங்கள்; கை எம்பிராய்டரிக்கு மாட்டுவதற்கு நேர் எதிர். நூலைக் கோக்க வேண்டிய பக்கம், ஊசியில் நீளப் பள்ளம் ஓடும் பக்கம். மிஷினுக்கு மிஷின் இது மாறும், பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கறையும் துருவும்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு இது வருடம் முழுக்க உண்டு. உப்புக் காற்றில் ஊசி, ஹூக், பாபின் கேஸ் தகடு மூன்றும் முதலில் துருப்பிடிக்கும். வெளிர் நிறத் துணியில் ஒவ்வொரு குத்திலும் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது எண்ணெய் என்று நினைப்பீர்கள். ஊசியைத் துணியில் துடைத்துப் பாருங்கள், துருவாக இருக்கும். தைத்து முடித்ததும் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் குத்தி வையுங்கள், மிஷினை மூடி வையுங்கள்.

ஹூக் ஓடும் பாதையில் ஒரு சொட்டு மிஷின் ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாக இறுகிவிடும். அதனால் நின்றுபோன மிஷின்கள் வருகின்றன. ஆயில் விட்டதும் கழிவுத் துணியில், நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, கறை வராதவரை பொறுங்கள். கம்ப்யூட்டர் மிஷினுக்குக் கையேடு வேண்டாம் என்று சொன்னால் ஆயிலே வேண்டாம்.

எப்போது மெக்கானிக்

புது ஊசி, மேலே முட்டத் தள்ளி மாட்டியிருக்கிறது. நல்ல பாலியெஸ்டர் நூல், மடித்த காட்டன் துணி. நேர்த்தையல் குறையில்லை. ஜிக்ஜாக்கை அதிக அகலத்துக்கு வைத்தால் இடது ஓரமோ வலது ஓரமோ ஒன்று மட்டும் தொடர்ந்து விடுகிறது. இங்கேதான் மிஷினைச் சந்தேகப்பட வேண்டும்: ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் டைமிங் நகர்ந்திருக்கிறது, அல்லது ஊசிக் கம்பி உயரம் மாறியிருக்கிறது. ஊசி அடிமட்டத்திலிருந்து 2 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக ஏறும்போது ஹூக்கின் மூக்கு காதுக்குக் கொஞ்சம் மேலே ஊசியைக் கடக்க வேண்டும். கெட்டித் துணியில் ஊசி உடைந்த பிறகு இது நகர்வது சகஜம். வீட்டில் சரி செய்யப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்குரூ தளர்ந்தால் நேர்த்தையலும் போய்விடும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது மிஷினைத் துடைத்து, நூலைக் கழற்றி, சுத்தமாக எடுத்துப் போகிறார்கள். கோத்த நூல், மாட்டிய ஊசி, உள்ளே இருக்கும் பாபின், எல்லாம் அப்படியே இருக்கட்டும். தையல் விட்ட துண்டுத் துணியையும் கூடவே கொடுங்கள். எந்த எண் டிசைனில், எந்த அகலத்தில், எந்தப் பக்கம் விடுகிறது என்று அதிலேயே எழுதிவிட்டால், திரும்ப வாங்கும்போது அதே டிசைனை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லலாம்.